மனச்சோர்வில் விழுவதும் மீள்வதும் எல்லோருக்கும் ஒன்றா?

கேட்கப்பட்ட கேள்வி இது: “மனச்சோர்வு பணக்காரர், ஏழை, ஆண், பெண், இனம், மொழி என்று ஆள் பார்த்து வருவதில்லை என்கிறார்கள். அப்படியானால் சில சமூகப் பிரிவினரிடையே அது அதிகம் என்று ஆய்வுகள் சொல்வது ஏன்? சிகிச்சையில் தெரியும் வேறுபாடு வெறும் பணப் பிரச்சினைதானா? அந்த வேறுபாட்டைக் குறைக்க முடியும் என்று எங்காவது நிறுவப்பட்டிருக்கிறதா?”

முதலில் சொல் பற்றி ஒரு வார்த்தை. ‘மன அழுத்தம்’ என்று நாம் பேச்சில் சொல்வது வேலைப் பளுவால் வரும் நெருக்கடியையும் குறிக்கிறது, நோயையும் குறிக்கிறது. இங்கே நான் பேசுவது நோயைப் பற்றி. குறைந்தது இரண்டு வாரங்களாவது நாளின் பெரும்பகுதியில் மனம் வெறுமையாகவோ துயரமாகவோ கிடப்பது, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, இவற்றோடு தூக்கம், பசி, கவனம், உடல் வலு ஆகியவையும் குலைந்து அன்றாட வாழ்க்கை தடைபடுவது ஆகியவையே அதன் அடையாளங்கள். 2019ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் இந்நிலையில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது.

ஆள் பார்த்து வருவதில்லை என்ற கூற்று ஒரு பொருளில் சரி, அதாவது எந்தப் பிரிவினருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஆனால் அந்த வாக்கியம் ஒரு முக்கியமான செய்தியை மறைத்துவிடுகிறது. மனச்சோர்வு யாருக்கு வருகிறது என்பதில் சமூகப் பிரிவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, வந்தபின் யாரை விட்டுப் போகாமல் நீடிக்கிறது என்பதில் உள்ள வேறுபாடு பெரிது. என்னுடைய பதில் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே நிற்கும்.

இதை எண்களில் காட்டியவர்களுள் ஒருவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த வின்சன்ட் லோரன். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, கல்வியிலும் வருமானத்திலும் தாழ்ந்த நிலையில் உள்ளவர்களை உயர்ந்த நிலையில் உள்ளவர்களோடு ஒப்பிட்டது. ஒரு குறிப்பிட்ட காலத்தில் மனச்சோர்வு இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் தாழ்ந்த நிலையினருக்கு 1.81 மடங்காக இருந்தது. இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால், புதிதாக மனச்சோர்வு தொடங்குவதற்கான விகிதம் வெறும் 1.24, தொடங்கியது நீடிப்பதற்கான விகிதமோ 2.06. ஒரே குழியில் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு வாய்ப்போடு விழுகிறார்கள். ஒருவருக்கு மேலிருந்து கயிறு வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் இனம் சார்ந்து நடந்த ஆய்வு இதைவிடவும் வியப்பூட்டுவது. டேவிட் வில்லியம்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் வெள்ளையரில் 17.9 விழுக்காடு, கரீபியப் பின்னணி கொண்ட கறுப்பினத்தவரில் 12.9 விழுக்காடு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4 விழுக்காடு. பாகுபாட்டையும் வறுமையையும் அதிகம் சந்திக்கும் மக்களிடையே நோய் குறைவாக இருக்கிறதே என்று இந்த எண்களைப் பார்த்தவுடன் தோன்றும். சிலர் அத்தோடு நிறுத்திக்கொண்டு, அந்தச் சமூகங்களின் மன உறுதியையும் சமயப் பற்றையும் குடும்பப் பிணைப்பையும் பாராட்டிவிட்டுப் போய்விடுவதும் உண்டு. அந்தப் பாராட்டில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு, ஏனென்றால் அதே ஆய்வின் அடுத்த வரிகள் வேறு கதை சொல்கின்றன. நோய் வந்தவர்களில் அது நாள்பட்டதாக மாறியது வெள்ளையரில் 38.6 விழுக்காட்டினருக்கு, இரு கறுப்பினப் பிரிவுகளிலும் ஏறத்தாழ 56 விழுக்காட்டினருக்கு. அவர்களுக்கு நோய் கடுமையாகவும் இருந்தது, வேலையையும் உறவுகளையும் அதிகம் முடக்கியது. ஆயினும் ஏதேனும் ஒரு சிகிச்சையாவது பெற்றவர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கரில் 45 விழுக்காடு, கரீபியக் கறுப்பினத்தவரில் 24.3 விழுக்காடு மட்டுமே.

நாடுகளுக்கிடையேயும் படம் எளிதானதன்று. 18 நாடுகளை ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த ஆய்வில் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளானவர்களின் அளவு பணக்கார நாடுகளில் 14.6 விழுக்காடாகவும் மற்றவற்றில் 11.1 விழுக்காடாகவும் இருந்தது. கடந்த பன்னிரண்டு மாதங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் 5.5, 5.9 என்று நெருங்கிவிட்டது. ‘ஏழை நாடு என்றால் மனச்சோர்வு அதிகம்’ என்ற பொதுச் சூத்திரம் நிற்காது. ஒரே நாட்டுக்குள் ஏழையையும் பணக்காரரையும் ஒப்பிடும்போதுதான் வேறுபாடு உறுதியாகத் தெரிகிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது? ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஒரு பெரிய இழப்போ நெடுநாள் சிக்கலோ வந்தபோது யார் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்று அவர்கள் ஒவ்வொருவருடனும் நீண்ட நேரம் பேசிக் கண்டறிந்தார்கள். மனம்விட்டுப் பேசும் அளவுக்கு நெருக்கமான துணை இல்லாமை, வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள், வெளியில் வேலை இல்லாமை, பதினோரு வயதுக்கு முன்பே தாயை இழந்தமை என்ற நான்கும் தாங்கும் சக்தியைக் குறைத்தன. தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கு இழப்புகளும் அதிகம் நேர்ந்தன, அவற்றைத் தாங்குவதற்கான பிடிமானங்களும் குறைவாக இருந்தன. இதில் மரபணுவுக்கோ மூளையின் வேதியியலுக்கோ இடமில்லை என்று பொருளல்ல. ஒருவரின் உடல் கொண்டுவரும் நலிவு எப்போது, எந்தச் சூழலில் நோயாக வெளிப்படும் என்பதை வாழ்க்கை நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதுதான்.

வறுமை மனச்சோர்வைத் தருகிறதா, மனச்சோர்வு வேலையைப் பறித்து வறுமையைத் தருகிறதா என்ற வாதம் பழையது. இரண்டும் நடக்கின்றன. ஆனால் முதல் திசைக்கு வலுவான சான்று உண்டு: இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் வழங்கிய திட்டம் படிப்படியாக விரிவடைந்தபோது, அது சென்ற பகுதிகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்தது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. யாருடைய மனத்தையும் யாரும் சிகிச்சைக்கு உட்படுத்தவில்லை. கையில் கொஞ்சம் பணம் வந்தது, அவ்வளவுதான்.

சட்டமும் இப்படி வேலை செய்யும். அமெரிக்காவில் 2004, 2005 தேர்தல்களின்போது சில மாநிலங்கள் ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்து தங்கள் அரசமைப்பைத் திருத்தின. அதற்கு முன்னும் பின்னும் அதே மனிதர்களிடம் எடுக்கப்பட்டிருந்த தேசியக் கணக்கெடுப்பை மார்க் ஹாட்சன்பியூலர் ஆராய்ந்தார். தடை வந்த மாநிலங்களில் வாழ்ந்த தன்பாலின, இருபாலின ஈர்ப்பு கொண்டவர்களிடையே மனநிலைக் கோளாறுகள் 36.6 விழுக்காடு உயர்ந்திருந்தன. தடை வராத மாநிலங்களில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. ‘அந்தப் பிரிவினரின் இயல்பே அப்படி’ என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. மனிதர்கள் மாறவில்லை, சட்டம் மாறியது, நோயின் அளவும் மாறியது.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது அளவுகோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் என்பதும், குழந்தைப் பருவத்தில் இல்லாத இந்த இடைவெளி பன்னிரண்டு வயதளவில் திறந்துகொள்கிறது என்பதும் பல நாடுகளில் உறுதியானவை. அதே வேளையில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே பெண்களைப்போல் இருமடங்கு அளவில் இருக்கிறார்கள். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பது நம்மை யோசிக்க வைக்க வேண்டும். அழுகை, துயரம், குற்றவுணர்வு என்று கேட்டால் பல ஆண்கள் இல்லை என்பார்கள். கோபம், குடி, கண்மண் தெரியாமல் ஆபத்தில் இறங்குவது, ஓயாமல் வேலையில் புதைந்துகொள்வது ஆகியவற்றைக் கேட்டால் கதை வேறு. 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு வழக்கமான அறிகுறிகளோடு இவற்றையும் சேர்த்து எண்ணியபோது, மனச்சோர்வுள்ள ஆண்கள் 30.6 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு என்று வந்தது. வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்தது. கோபத்தையெல்லாம் மனச்சோர்வு என்று அழைத்துவிடும் ஆபத்து இந்த முறையில் உண்டு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக நான் கொள்ளவில்லை. ஆனால் யாரை எண்ணுகிறோம் என்பது என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இது நல்ல பாடம்.

சொற்களும் அப்படித்தான். ஒரு பொது மருத்துவரிடம் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதுகு வலி, தலைபாரம், கை கால் அசதி, இரவில் தூக்கமில்லை என்கிறார். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை எழுதப்படுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுக்கப்படுகின்றன. மூன்று வாரம் கழித்து அதே வலியோடு அவர் மறுபடியும் வருகிறார். ‘எதிலாவது மனம் ஒட்டுகிறதா?’ என்ற ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் அவர் அழுதிருக்கக்கூடும். அவர் எதையும் மறைக்கவில்லை. தன் உடல் சொன்ன மொழியில் சொன்னார். 1980இல் ஆர்தர் கிளைன்மேன் சீனாவின் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் அசதி, தலைவலி, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்று முத்திரை குத்தப்பட்ட நூறு நோயாளிகளைப் பரிசோதித்தபோது, அவர்களில் 87 பேர் கடும் மனச்சோர்வுக்கான வரையறைக்குள் வந்தார்கள். முதியோர் விஷயத்திலும் இதே கதைதான்: வயதாகிவிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர், குடும்பத்தார், நோயாளி மூவருமே நம்பிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை நடத்தும் பேச்சுவழிச் சிகிச்சைத் திட்டத்தில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் இளையவர்களைவிடக் கூடுதலாகக் குணமடைகிறார்கள். ஆனால் அங்கே அனுப்பப்படுபவர்களில் அவர்களின் பங்கு மிகக் குறைவு.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் மனநலக் கணக்கெடுப்புகளை வைத்து, 21 நாடுகளில் மனச்சோர்வுள்ளவர்கள் எங்கெங்கே உதிர்ந்துபோகிறார்கள் என்று கிரகாம் தார்னிகிராஃப்ட் குழுவினர் 2017இல் கணக்கிட்டனர். அதை ஆயிரம் பேராகக் கற்பனை செய்து பாருங்கள். தமக்குச் சிகிச்சை தேவை என்று உணர்ந்தவர்கள் 567 பேர். அவர்களில் ஒருமுறையாவது யாரிடமாவது போனவர்கள் ஏறக்குறைய 403 பேர். போனவர்களில் குறைந்தபட்சத் தரத்தில் சிகிச்சை கிடைத்தவர்கள் 165 பேர். அந்தக் குறைந்தபட்சம் என்பதும் பெரிய விஷயமன்று: ஒரு மாத மருந்தும் நான்கு முறை மருத்துவரைப் பார்ப்பதும், அல்லது எட்டு முறை பேச்சுவழிச் சிகிச்சை. பணக்கார நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கு இது கிடைத்தது. தாழ்ந்த, கீழ்நடுத்தர வருமான நாடுகளில் இருபத்தேழில் ஒருவருக்கு.

மூன்று படிகளிலும் ஆட்கள் உதிர்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பணம் இரண்டாவது, மூன்றாவது படிகளில் வலுவாகத் தடுக்கிறது. முதல் படியில் பணத்துக்கு வேலை குறைவு. எனவே காப்பீடு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். காப்பீடு கையில் இருந்தும் கதவு திறக்காத நிலையைச் சமூகவியலாளர் ஹெதர் குகல்மாஸ் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனை அப்பட்டமாகக் காட்டியது. நியூயார்க் நகரத்தில் 320 உளச்சிகிச்சையாளர்களின் தொலைபேசியில் குரல் பதிவுகள் விடப்பட்டன. பேசியவர்கள் எல்லோரும் நடிகர்கள். சொன்னதும் கேட்டதும் ஒன்றே: மனச்சோர்வாக இருக்கிறது, இன்ன காப்பீடு இருக்கிறது, வார நாளில் மாலை நேரம் கிடைக்குமா? மாறியவை அழைப்பவரின் பெயர், உச்சரிப்பு, சொல்லாட்சி ஆகியவை மட்டுமே; அவற்றிலிருந்து இனமும் வர்க்கமும் ஊகிக்கப்படும்படி அமைக்கப்பட்டிருந்தன. நடுத்தர வர்க்க வெள்ளையரில் 28 விழுக்காட்டினருக்குச் சந்திப்பு நேரம் தர முன்வந்தார்கள். நடுத்தர வர்க்கக் கறுப்பினத்தவருக்கு 17 விழுக்காடு. தொழிலாளர் வர்க்கத்தவர் எந்த இனமானாலும் 8 விழுக்காடு. கேட்ட மாலை நேரமே கிடைக்க வேண்டுமானால், நடுத்தர வர்க்க வெள்ளைப் பெண் ஐந்து பேரை அழைத்தால் போதும். தொழிலாளர் வர்க்கக் கறுப்பின ஆண் எண்பது பேரை அழைக்க வேண்டியிருக்கும். படுக்கையிலிருந்து எழவே தெம்பில்லாத ஒருவர் எண்பது முறை தொலைபேசியை எடுப்பாரா?

இதற்குப் பிறகும் நேரம் என்ற தடை இருக்கிறது. தினக்கூலிக்காரருக்கு வாரம் ஒருமுறை, பகல் வேளையில், தொடர்ந்து எட்டு வாரம் என்பது எட்டு நாள் கூலி. இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டால் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதப்படும். மொழி தெரியாத ஊரில் குடியேறியவர் தன் மகளையே மொழிபெயர்ப்பாளராக அழைத்து வந்தால், சாக வேண்டும்போல் இருக்கிறது என்பதை அவர் மகள் வழியாக எப்படிச் சொல்வார்? அமெரிக்காவில் கடந்த ஓராண்டில் மனச்சோர்வுக் கோளாறு இருந்தவர்களில் எந்த மனநலச் சிகிச்சையும் பெறாதவர்கள் வெள்ளையரில் 40.2 விழுக்காடு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 58.8, லத்தீன் அமெரிக்கப் பின்னணியினரில் 63.7, ஆசியப் பின்னணியினரில் 68.7 விழுக்காடு என்று 2008இல் மார்கரிட்டா அலெக்ரியா குழுவினர் காட்டியதற்குப் பின்னால் இவை எல்லாமே சேர்ந்து நிற்கின்றன.

கடைசிக் கேள்வி, குறைக்க முடியுமா என்பது. முடியும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டம் அவற்றுள் நான் முதலில் சொல்வது. சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர இருக்கை. அதில் அமர்ந்திருப்பவர் பயிற்சி பெற்ற ஒரு சுகாதாரத் தொண்டர், பெரும்பாலும் அக்கம்பக்கத்தாருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாட்டி. அவர் மனச்சோர்வு என்ற சொல்லோடு தொடங்குவதில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’, அதாவது அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது, என்ற அவர்களுடைய சொல்லோடு தொடங்குகிறார். மனத்தைத் திறப்பது, தூக்கிவிடுவது, உறுதிப்படுத்துவது என்று மூன்று கட்டம். வந்தவரின் சிக்கல்களைப் பட்டியலிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யலாம் என்று இருவரும் முடிவு செய்வார்கள். ஆறு அமர்வுகள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன: ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்கள் இருக்கைக்கு வந்த குழுவில் 13.7 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் 49.9 விழுக்காடு. முன்னர் சொன்ன மூன்று படிகளில் முதலாவதை அங்கே மக்களின் சொல்லும், இரண்டாவதைப் பக்கத்திலேயே இருந்த இருக்கையும், மூன்றாவதைப் பயிற்சியும் கவனித்துக்கொண்டன. பாகிஸ்தானில் கிராமப்புறத் தாய்மார்களிடையே அத்தீஃப் ரஹ்மான் குழுவினர் வீடு தேடிச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு செய்த சோதனையும் இதே திசையில்தான் வந்தது. பிரசவித்து ஆறு மாதமானபோது மனச்சோர்வு இருந்தவர்கள் 23 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 53 விழுக்காடு.

ஏழைகளுக்குப் பாட்டி, பணக்காரருக்கு மருத்துவரா என்று இதை எதிர்ப்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. கடுமையான நோய்க்கும் தற்கொலை எண்ணத்துக்கும் பின்னால் நிற்க மருத்துவரும் மருந்தும் இல்லாவிட்டால் இருக்கை மட்டும் போதாது, அப்படிப்பட்ட திட்டத்தை நான் ஆதரிக்கவும் மாட்டேன். ஆனால் மிதமான மனச்சோர்வுக்கு, நன்கு பயிற்றுவிக்கப்பட்டு மேற்பார்வையில் பணிபுரியும் தொண்டர் தருவது இரண்டாந்தரச் சிகிச்சை என்று மேலே சொன்ன எண்கள் காட்டவில்லை.

பணக்கார நாட்டில் நடந்த ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன், அதன் முடிவில் ஒரு முள் இருப்பதால். அமெரிக்காவின் 46 பொது மருத்துவ நிலையங்களில் மனச்சோர்வுச் சிகிச்சையின் தரத்தை உயர்த்தினார்கள்: மருத்துவர்களுக்குப் பயிற்சி, நோயாளியைப் பின்தொடர்ந்து பேச ஒரு செவிலியர், பேச்சுவழிச் சிகிச்சைக்கு எளிய வழி. சிறுபான்மையினருக்கென்று பெரிய அளவில் எதுவும் தனியாகச் செய்யப்படவில்லை. மொழிபெயர்த்த கையேடுகள் போன்ற சில ஏற்பாடுகள் மட்டுமே. ஜீன் மிராண்டா குழுவினர் 2003இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆறாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் மனச்சோர்வு குறைந்தது ஆப்பிரிக்க அமெரிக்கரிடமும் லத்தீன் அமெரிக்கப் பின்னணியினரிடமும்தான். வெள்ளையரிடம் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பொதுவாகத் தரத்தை உயர்த்தியதே இடைவெளியைச் சுருக்கியது என்று இதை மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவார்கள், நானும் காட்டுவேன். அதே அறிக்கையில் வேலைவாய்ப்பு பற்றிய கணக்கும் இருக்கிறது. ஆய்வாளர்களே ஒப்பீட்டின் துல்லியம் குறைவு என்று எச்சரித்துத்தான் அதைத் தருகிறார்கள்: சிகிச்சை மேம்பட்ட பிறகு வேலையில் இருப்போரின் விகிதம் வெள்ளையரிடம் உயர்ந்தது, நோய் குறைந்த மற்ற இரு பிரிவினரிடமும் உயரவில்லை.